என் தோளில் உன் நான்கு விரல்கள்

மகனே,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. வழியில் யார் பிரித்து வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. மார்த்தாண்டத்தில் பஸ்ஸில் போகிறவனும் வருகிறவனும் பார்க்கும்படி பதினைந்தடி உயரத்தில் நைட்டியோடு நிற்கிறவளுக்கு இனி மூடி வைக்க என்ன இருக்கிறது? போனில் பேசினால் நீ "எம்மா, லைன் கட்டாவுது" என்பாய். அதனால் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் அங்கன்வாடிப் பதிவேடு எழுதிய கை இது. கோபத்தில்கூடக் கோடு விலகாது.

நேற்று மாலை நீ கூப்பிட்டாய். கருங்கலில் உன் எடை குறைக்கும் சத்து மாவுக் கடைக்கு இரண்டாவது கிளை திறப்பதாகச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டி அனுப்புவதாகச் சொன்னாய்.

"நீ மேடையில ரெண்டு வார்த்த பேசினா போதும், எம்மா. நீலச் சேல ஒண்ணு ஒனக்க மருமவ ஷைனி எடுத்து வச்சிருக்கா."

"என்னத்த பேச?"

"குடிச்சேன், கொறஞ்சேன். இடையில விட்டேன், திரும்பக் கூடிச்சு. இப்ப மறுபடி குடிக்கேன். அவ்வளவுதான். இத கேட்டா ஒருத்தனும் பாதியில நிறுத்தமாட்டான்."

நான் பேசவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாய். நான் பேசாமல் இருந்ததையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உனக்குச் சின்ன வயதிலிருந்தே நான்தான் பழக்கினேன். அந்தப் பழக்கத்தை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த இரண்டு படங்களைப் பற்றி. உன் பிளக்ஸ் போர்டில் இடப்பக்கம் 'முன்' என்று ஒரு படம். நான் நைட்டியில் சுவரோரம் நிற்கிறேன், கைகள் இரண்டும் தொங்குகின்றன, வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது. வலப்பக்கம் 'பின்' என்று ஒரு படம். அதில் நீலச் சேலையில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய நிற்கிறேன். நடுவில் ஒரு அம்புக்குறி. கீழே 'தொண்ணூறு நாளில் இருபத்தொரு கிலோ'. இருபத்தொரு கிலோ என்பது உண்மைதான். ஒரு படத்தில் ஐம்பத்தெட்டு, மற்றதில் எழுபத்தொன்பது. அம்புதான் திரும்பி நிற்கிறது. நைட்டிப் படம் போன வருடம் நீ எடுத்தது. ஒல்லிப் படம் அதற்கு மூன்று வருடம் முந்தியது, உன் அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபத்தன்று எடுத்தது.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இல்லாமலா? அப்பாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இருபத்திநாலு நாள் வைத்திருந்தோம். தீவிரச் சிகிச்சை அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு சாயா, மத்தியானம் ஒரு பன், ராத்திரி யாராவது நீட்டினால் இரண்டு இட்லி. நீ மஸ்கட்டிலிருந்து வந்து சேரும்போது அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்து நாற்பது நாளும் சோற்றைப் பிசைந்தேன், தின்னவில்லை. அப்படி இளைத்த உடம்பு அது. அன்று நான் கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. அதற்கு நீலம் அடித்துவிட்டாய். உன்னோடு சேர்ந்து எடுத்த படம் அது. உன்னை வெட்டிவிட்டாய். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய், அல்லது கம்ப்யூட்டர் பையன் மறந்துவிட்டான். என் இடது தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. கையில்லாத விரல்கள். மோதிர விரலில் அப்பாவின் மோதிரம். பார்த்தவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எல்லாரும் வயிற்றைத்தானே பார்ப்பார்கள்.

நீ எப்போது அந்த நைட்டிப் படத்தை எடுத்தாய் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ மறுக்க முடியாதபடி. மஸ்கட்டில் வேலை போய் நீ ஊருக்கு வந்த இரண்டாவது வாரம். "எம்மா, டாக்டருக்கு அனுப்பணும், இப்பிடி சைடுல நில்லு, வயித்த உள்ள இழுக்காத" என்றாய். நான் நின்றேன். பெற்ற பிள்ளை டாக்டருக்கு என்று சொன்னால் எந்தத் தாய் சேலை மாற்றி வருகிறேன் என்பாள்? அதே வாரம்தான் ஷைனியின் தம்பி கல்யாணம். பந்தியில் என் இலையில் பாயசம் விழுந்ததும் நீ எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எம்மா, கொஞ்சம் வாயக் கட்டு. தூக்கிட்டுப் போவ எட்டுப் பேரு வேணும் போல இருக்கே." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசத்தை அப்படியே வைத்து இலையை மடக்கினேன்.

என் வாயில் என்ன போய்க்கொண்டிருந்தது என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? அப்பா இருந்தவரை வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஓட்டுகிற மினி பஸ்ஸை நிறுத்திவிட்டு மத்தியானம் வருவார், சாளைக் குழம்பு, முருங்கையிலைத் துவரன், பயறு என்று ஏதாவது இருக்கும். அவர் போனபிறகு ஒருத்திக்காகத் தேங்காய் உடைப்பதா? அரை மூடி துருவினால் மிச்சம் கெட்டுப்போகிறது. கீரை ஆயக் கண் தெரியவில்லை. மீன் வெட்டத் தரையில் உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை, முட்டு மடங்காது. ஆகவே காலையில் சாயாவும் ரஸ்க்கும். பதினோரு மணிக்கு சாயா. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு ஒரு தட்டு, ஊறுகாய், அப்பளம். நாலு மணிக்கு சாயா, நேந்திரங்காய் சிப்ஸ். ராத்திரி அடுப்பு பற்றவைக்க அலுப்பாக இருந்தால் ஒரு பன்னைச் சாயாவில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுப்பேன். வீட்டு ஜெபம் என்று நாலு வீட்டுக்குப் போனால் நாலு வீட்டிலும் முந்திரிக்கொத்து, கேக், மிக்சர். வேண்டாம் என்றால் 'டீச்சருக்குப் பெருமை' என்பார்கள். நம் ஊரில் கிழவி ஒருத்தியை மதிப்பது என்றால் அவள் கையில் இனிப்பைத் திணிப்பது.

பிறகு உன் பெட்டி. மாதம் ஒன்று, தவறாமல். நீ அங்கே இருந்து போனை அமுக்கினால் இங்கே வாசலில் ஒரு பையன் வந்து இறக்குவான். கிரீம் பிஸ்கட், நூடுல்ஸ், சர்க்கரை போட்ட ஓட்ஸ், ஜூஸ் பொடி. அன்பில்லாமல் அனுப்பினாய் என்று சொல்லமாட்டேன். உன் சம்பளத்தில் வாங்கியது, வீணாக்கக் கூடாது என்று நான் தின்றேன். பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கக்கூட மனம் வரவில்லை, மகன் அனுப்பியது என்று. ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்கும்போது உன்னோடு ஒரு வேளை சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டேன். முட்டாள்தனம்தான். தின்றது நான், உன்மேல் பழி போடவில்லை. ஆனால் பெட்டி அனுப்பிய கையே படம் எடுத்தது, அதே கைதான் போர்டும் வைத்தது. அதை எங்கே கொண்டு போய்ச் சொல்ல?

கருங்கலில் இருந்து மார்த்தாண்டம் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் பார். வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள். உள்ளே ஒரே ஒரு கிழவியோ கிழவனோ ரஸ்க்கை நனைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். நான்கு அறைக்கு ஏசி உண்டு, இரண்டு மத்தி மீனை வெட்டித்தர ஒரு ஆள் கிடையாது. ஜங்ஷனுக்கு ஜங்ஷன் பேக்கரி இருக்கிறது, கீரை விற்கிறவள் இல்லை. அவர்கள் உடம்பு ஊதினால் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டு 'தின்னு தின்னு இப்பிடி ஆயிட்டாங்க' என்கிறார்கள். ஐந்து வயதுவரை எடை பார்க்க அரசாங்கம் ஆள் போட்டிருக்கிறது, நானே அந்த ஆள். அறுபதுக்கு மேல் எடை பார்ப்பது கல்யாணப் பந்தியில் சிரிக்கிறவர்கள்தான்.

இனி லூர்தம்மாளைப் பற்றி எழுத வேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அவளை உனக்கு நன்றாகத் தெரியும். கடியப்பட்டணத்திலிருந்து நாற்பது வருடமாக மீன் சருவத்தைத் தலையில் சுமந்து பஸ் ஏறி நம் தெருவுக்கு வருகிறவள். நீ பரீட்சைக்குப் போன நாட்களில் உனக்கென்று தனியாக நெத்திலி எடுத்து வைத்தவள். அவள் ஒருநாள் வாசலில் சருவத்தை இறக்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"டீச்சரே, ஒங்கள மார்த்தாண்டத்துல பாத்தேன்."

"நான் மார்த்தாண்டம் போயி ஆறு மாசம் இருக்கும், லூர்து."

"நீங்க போவல்ல, ஒங்க படம் போயிருக்கு. பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தேன். எனக்க மாதாவே! நம்ம டீச்சர நைட்டியோட இப்பிடி நடுரோட்டுல நிறுத்தி வச்சிருக்கானேன்னு நான் போட்ட சத்தத்துல கண்டக்டரு திரும்பிப் பாத்தான்."

எனக்குத் தெரிந்தது அப்படித்தான். மீன் விற்கிறவள் சொல்லி. அன்றே உனக்குப் போன் செய்தேன். "படம்தான எம்மா, எல்லாரும் செய்யுததுதான். கடை ஓடட்டும், எடுத்துருதேன்" என்றாய். நீ வேலை போய் வந்தவன், இரண்டு பிள்ளைகள், ஷைனியின் நகை அடகில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து லூர்து மறுபடி வந்தாள். மீனை எடுத்துப் போடவில்லை. படியில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"உள்ளதா டீச்சரே? அத குடிச்சா கொறையுமா? எனக்க காலு ரெண்டும் இந்த ஒடம்ப இனி தூக்காது. சுகரும் இருக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பின்னயும் தடிச்சுதான இருக்கிய?"

அப்போது என் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது. உன் போர்டில் இருப்பதைவிடப் பெரிய பொய், ஏனென்றால் நான் அதைக் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "கொறஞ்சுதுதான். இடையில விட்டுட்டேன், திரும்ப வந்துட்டு." அவள் நம்பினாள். "டீச்சரு சொன்னா சரி" என்று எழும்பிப் போனாள். நீ கொடுத்த டப்பாவை நான் நாலு நாள்தான் குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். என் மகன் அம்பைத் திருப்பி வைத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அதை உன்னிடம் வேறு வெட்கமில்லாமல் சொன்னேன், நீ வருத்தப்படுவாய் என்று எதிர்பார்த்து. "எம்மா, சூப்பரா சொல்லிருக்க!" என்றாய். அந்தப் பொய்யைத்தான் இப்போது மேடையில் சொல்லச் சொல்கிறாய். என் பொய்யை எனக்கே பாடமாக்கித் தந்திருக்கிறாய்.

லூர்து டப்பா வாங்கினாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று உன் கடைப் பெண் சொல்லிக்கொடுத்தபடி தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். சோறு கிடையாது, மீன் கிடையாது. மீனைச் சுமந்து விற்றுவிட்டு வீட்டில் போய்ப் பொடி கரைத்துக் குடித்தாள். சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. சோறு தின்கிறவளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பொடி குடிக்கிறவள் தின்றுகொண்டிருந்தாள். உன் கடையில் அவளிடம் 'மாத்திரை உண்டா, டாக்டரைக் கேட்டாயா' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினேழாம் நாள் காலை கருங்கல் சந்தையில் சருவத்தோடு விழுந்தாள். கண் இருட்டி, வேர்த்து, நின்ற இடத்தில் சரிந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்தது. மீன் ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததாகவும், மயக்கத்திலும் அவள் "மீன எடுங்க, மீன எடுங்க" என்றதாகவும் சொன்னார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ வரவில்லை. "அவங்களுக்கு முன்னயே சுகரு இருந்துதுல்லா, நாம என்ன செய்ய?" என்று போனில் கேட்டாய். வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள், உன் வயதுதான் இருக்கும். கட்டில் பக்கம் நின்று லூர்து என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க அந்த போர்டுல உள்ள அம்மாதான?"

முப்பத்தொரு வருடம் என்னை இந்த வட்டாரத்தில் அங்கன்வாடி டீச்சர் என்றுதான் தெரியும். இப்போது போர்டில் உள்ள அம்மா. நான் ஆமாம் என்றேன். இல்லை என்றும் சொன்னேன். பிறகு வராந்தாவில் நின்று அவளிடம் உண்மையைச் சொன்னேன், முதல்முதலாக ஒரு அந்நியப் பெண்ணிடம். அவள் திட்டவில்லை. ஒரு வாரம் நான் தின்றதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். எழுதிக்கொண்டு போனேன். வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சர், நீங்க நெறய தின்னல்ல. நல்லத தின்னல்ல. இதுல பயறு எங்க, முட்ட எங்க, கீர எங்க? சாயாவுல மட்டும் ஒரு நாளைக்கு பன்னெண்டு ஸ்பூன் சீனி போவுது. ஒடம்பு தடிச்சிருக்கு, உள்ள சத்தில்ல. கையப் பிடிச்சுப் பாத்தாலே சதை இல்லேன்னு தெரியுது. பட்டினி கெடந்தா இருக்குற சதையும் போவும்."

நான் அழுதேன், மகனே. அவமானத்தில் இல்லை. என் வயிற்றைப் பார்த்து என்னைத் தின்னி என்று நினைக்காத முதல் மனுஷி அவள். பிறகு அவள் சொன்னாள், "பிள்ளைகளுக்கு அட்டை போட்டு எடை எழுதுனீங்கல்லா, ஒங்களுக்கு ஒண்ணு போடுங்க." போட்டிருக்கிறேன். பழைய நோட்டில் கோடு கிழித்து, வாரம் ஒரு முறை. பயறு நனையப் போடுகிறேன். தினம் ஒரு முட்டை. முருங்கை வாசலிலேயே நிற்கிறது, கண் தெரியாவிட்டால் கண்ணாடி போட்டு ஆயலாம், அதற்குச் சோம்பல்பட்டவள் நான்தான். மீனைச் சந்தையிலேயே வெட்டி வாங்குகிறேன். சாயாவுக்குச் சீனி பாதி. மாலையில் ஆலயம் வரை போய்வர நடை. இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. எழுபத்தேழு. போர்டு வைக்க லாயக்கில்லாத எண். ஆனால் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

போன மாதம் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வந்தேன். மார்த்தாண்டத்தில் உன் கடைக்கே வந்தேன், போர்டைக் கழற்று என்று. நீ கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளருக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாய்:

"நீயும் முப்பது வருசம் மாவுதான எம்மா குடுத்த? அரசாங்கம் குடுத்தா சத்துமாவு, நான் குடுத்தா ஏமாத்தா?"

நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில்தான் பதில் வந்தது. நான் மாவு கொடுத்தேன். சோறும் முட்டையும் பயறும் சேர்த்துக் கொடுத்தேன். சோற்றுக்குப் பதிலாகக் கொடுக்கவில்லை. மாதாமாதம் தூக்கித் தராசில் வைத்து, முள் எங்கே நின்றதோ அதைத்தான் எழுதினேன். இப்படி நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருங்கலில் இறங்கும்போது ஒரு முள் எனக்குள்ளேயே ஆடியது. ஒரே ஒரு தடவை நான் அப்படி எழுதவில்லை. அன்று நீ பக்கத்தில் இருந்தாய்.

உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எண் சொல்வதுதான் உன் விளையாட்டு. நம் தெருமுனையில் இருந்த செல்வியின் பதினோரு மாதக் குழந்தை, மூன்று மாதமாக அட்டையில் சிவப்புக் கோட்டிலேயே கிடந்தது. மறுநாள் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள். எனக்குப் பயம், கேள்வி வரும் என்று. யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் ஆறு கிலோவை ஏழு என்று எழுதினேன். நீ சத்தமாகக் கேட்டாய், "எம்மா, முள்ளு ஆறுலல்லா நிக்கி?" நான் சொன்னேன், "சும்மா இரிலே, முள்ளு ஆடிச்சு." செல்வி என்னைக் கும்பிட்டாள், பிள்ளை தேறிவிட்டது என்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய குழந்தையை அந்த ஒரு எண் இரண்டு மாதம் வீட்டிலேயே வைத்திருந்தது. பிறகு காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள். இப்போது கேரளாவில் நர்சிங் படிக்கிறாளாம். செல்விக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு அச்சப்பம் கொண்டுவந்து தருகிறாள். நான் வாங்கித் தின்கிறேன்.

ஆகவே நீ இதை யாரிடம் கற்றாய் என்று நான் ஊரில் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பயந்து ஒரு எண்ணை மாற்றினேன், இத்தனை வருடம் அது என் தொண்டையில் நிற்கிறது. நீ உன் அப்பா செத்த துக்கத்தை எடுத்து, நீலம் அடித்து, விலை போட்டு விற்றாய். அது உன் தொண்டையில் எங்கேயாவது நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் என்னைவிட நீ ஆபத்தானவன். என் வயிற்றில் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அனுப்பும் வண்டியில் நான் ஏறமாட்டேன். நீ ரிப்பன் வெட்டும் நேரத்தில் நான் கடியப்பட்டணத்தில் இருப்பேன். லூர்து வீட்டுக்கு வந்துவிட்டாள், கட்டிலில் கிடக்கிறாள். சருவம் குப்புறக் கவிழ்ந்து மூலையில் இருக்கிறது. இனி அதைச் சுமக்கமாட்டாள். போன வாரம் நான் போய் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளைக்கு வேண்டி சொன்னிய. எனக்கும் பிள்ள உண்டு, தெரியும். ஆனா எனக்க காலுல்லா டீச்சரே போச்சு."

நான் கிளம்ப எழும்பும்போது அவள் தன் தெருவில் என் படத்தைப் பார்த்து உன் டப்பா வாங்கியவர்களின் பெயர்களைச் சொன்னாள். பதினான்கு வீடு. அதிகமும் அறுபது தாண்டிய பெண்கள். அவர்களில் எத்தனை பேர் மாத்திரை தின்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், வீடு வீடாகப் போவது. ஒரு நோட்டில் பெயர் எழுதி, கதவைத் தட்டி, உட்கார்ந்து, என்ன தின்றீர்கள் என்று கேட்பது. முப்பத்தொரு வருடம் செய்தேன், மறுபடி செய்யப்போகிறேன். கையில் இரண்டு படம் இருக்கும், பின்னால் தேதி எழுதியது. எது முன்னால், எது பின்னால் என்று நானே காட்டுவேன். பட்டினி கிடக்காதீர்கள், மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மீன் விற்கிற ஊரில் இருந்துகொண்டு பொடி குடிக்காதீர்கள் என்று சொல்வேன். குளியலறை எடைப் பொறி ஒன்று வாங்கியிருக்கிறேன். முதலில் நான் ஏறி நிற்பேன். எழுபத்தேழு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

என் நோட்டில் பதினாறு வீடுகள் இருக்கின்றன. முதல் வீடு செல்வியுடையது, சனிக்கிழமை. அவளிடம் ஏழு என்று எழுதியது ஆறு என்று சொல்லிவிட்டுத்தான் கடியப்பட்டணம் பஸ் ஏறுவேன். அதைச் சொல்லாமல் மற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசி வீடு உன்னுடையது. திங்கள் காலை ஏழு மணிக்கு வருவேன். போர்டு இருந்தாலும் வருவேன், கழற்றியிருந்தாலும் வருவேன். அந்த நாற்பதாம் நாள் படத்தை முழுதாகக் கொண்டு வருவேன், வெட்டாதது. அதில் நான்கு விரல்கள் ஒரு கையோடு இருக்கின்றன, கை ஒரு தோளோடு, அந்தத் தோளுக்கு மேலே உன் முகம். அழுது வீங்கிய முகம். அப்பாவை உயிரோடு பார்க்க முடியாமல் போனவனின் முகம். அந்த முகத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் என்னை எடுத்திருக்கிறாய். அதை மேசையில் வைப்பேன், நீ பார்க்க வேண்டும்.

ஷைனியிடம் சொல்லி ஞாயிறு ராத்திரியே ஐந்து பேருக்குப் பயறு நனையப் போடு. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம். சீனி போடாத சாயா எனக்கு.

அம்மா